சட்டகத்துக்குள் ஒரு மேடை: உதய் சங்கரும் ‘கல்பனா’வும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மையாக்கப்பட்ட வடிவம்)



நடனமும் திரைப்படமும் சந்திக்கும் இடம் பற்றிப் பேச வேண்டும் என்று அழைப்புக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பரந்த தலைப்பு அது. ஒரு மனிதரையும் அவர் எடுத்த ஒரே ஒரு படத்தையும் மட்டும் பேசிக்கொள்கிறேன் என்று அனுமதி வாங்கினேன். மனிதர் உதய் சங்கர். படம் 1948-இல் வெளிவந்த ‘கல்பனா’. இந்தி பேசும் படம். ஆனால் அது முழுக்க உருவானது சென்னையில், ஜெமினி ஸ்டூடியோவில். இந்த ஊரில் நின்று அதைப் பற்றிப் பேசுவதற்கு அந்த உறவு ஒன்றே போதும்.

புகழ்பெற்ற நடனக் கலைஞர், நாற்பது வயதுக்குமேல் சினிமா ஆசையில் ஒரு படம் எடுத்தார், படம் ஓடவில்லை, மறுபடி மேடைக்கே திரும்பிவிட்டார்: உதய் சங்கரின் வாழ்க்கையை வழக்கமாக இப்படித்தான் சொல்கிறோம். இந்தக் கதையில் ‘கல்பனா’ ஒரு வழிதவறல். நான் இன்று வாதிடப்போவது வேறு. அவர் நடனம் அமைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே திரைப்பட இயக்குநரைப் போலத்தான் யோசித்தார். அந்த யோசனைக்கு உரிய கருவி அவர் கைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. இதைச் சில படிகளாக விளக்குகிறேன்.

1

முதலில் அவருடைய கல்வி. உதய் சங்கர் 1900-இல் ராஜஸ்தானத்து உதய்ப்பூரில் பிறந்தவர். தந்தை சியாம் சங்கர் சௌத்ரி வழக்கறிஞர், ஜாலாவார் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். வங்காளிக் குடும்பம். தாய்மாமன் வீடு காஜிப்பூர் பக்கம் நஸ்ரத்பூரில். காஜிப்பூர்ப் பள்ளியில் அம்பிகா சரண் முகோபாத்யாய் என்ற ஓவிய ஆசிரியர் சிறுவனுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். இசையும் புகைப்படக் கலையும்கூட அவரிடமிருந்தே வந்தன. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முறையான நடனப் பயிற்சி எதுவும் இல்லாத வயதில், இந்தச் சிறுவன் கேமராவைக் கையில் எடுத்துவிட்டான்.

பிறகு பம்பாயில் ஜே.ஜே. கலைப்பள்ளி. 1920-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட். அங்கே முதல்வராக இருந்த வில்லியம் ரோதன்ஸ்டைன், ஐரோப்பிய ஓவியர்களைப் பின்பற்றுவதை விட்டுவிட்டு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய் உன் நாட்டுச் சிற்பங்களைப் பார் என்று அனுப்பினார். லண்டனில் தந்தை நடத்திய அறநிதி நிகழ்ச்சிகளில் மகன் ஆடினார். அந்த ஆட்டத்தின் வழியாகத்தான் ருஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவிடம் போய்ச் சேர்ந்தார். 1923-இல் பாவ்லோவாவின் குழுவுக்காக ஓர் இந்துத் திருமணம், ராதா கிருஷ்ணர் என்று இரண்டு நடனங்களை அமைத்தார். இரண்டாவதில் கிருஷ்ணராகத் தாமே பாவ்லோவாவுடன் ஆடினார். அக்குழுவோடு அமெரிக்காவும் போனார்.

அப்போது அவருக்குத் தெரிந்த இந்திய நடனம் எவ்வளவு? எந்த நட்டுவனாரிடமும் அவர் தட்டுக்கழி முன் உட்கார்ந்ததில்லை. எந்தக் களரியிலும் மெய்ப்பயிற்சி பெற்றதில்லை. சிறுவயதில் பார்த்த கிராமத்து ஆட்டங்கள், ராஜபுத்திர ஓவியங்கள், அருங்காட்சியகச் சிற்பங்கள், இவைதான் அவரது மூலதனம். நின்றுபோன உருவங்களிலிருந்து அசைவைக் கண்டுபிடித்தவர் அவர். ஒரு சிற்பத்தின் நிலை, அடுத்த சிற்பத்தின் நிலை, இரண்டுக்கும் இடையே உடல் எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி. இது ஓவியனின் கேள்வி. திரைப்படம் எடுப்பவனின் கேள்வியும்கூட.

2

இந்த இடத்தில் சென்னையிலிருந்து எழுந்த ஒரு குற்றச்சாட்டை நேராகச் சந்திக்க வேண்டும். உதய் சங்கருக்குச் சம்பிரதாயம் இல்லை, பரதத்தையும் கதகளியையும் மணிப்புரியையும் கலந்துவிட்டார் என்பது அது. 1930-கள் இங்கே சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறி மேடையேறிய காலம். ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்குகிறார். அவரையும் இந்திய நடனத்தின் பக்கம் திருப்பியதில் பாவ்லோவாவுக்குப் பங்கு உண்டு. ஒரே பெண்மணி தொட்டுவிட்ட இரண்டு இந்தியர்கள், எதிரெதிர்த் திசையில் போனார்கள். ருக்மிணி தேவி ஒரு மரபுக்குள் இறங்கினார். உதய் சங்கர் எல்லா மரபுகளையும் வெளியிலிருந்து பார்த்தார்.

சம்பிரதாயம் இல்லை என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இல்லாமைதான் அவரை அமைப்பாளராக ஆக்கியது. மரபுக்குள் வளர்ந்த கலைஞர் அடவிலிருந்து தொடங்குவார். அடவு கோவையாகும், கோவை உருப்படியாகும். உதய் சங்கர் மேடையின் முழுப் படத்திலிருந்து தொடங்கினார். யார் எங்கே நிற்க வேண்டும், ஒளி எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும், எத்தனை பேர் ஒரே மூச்சில் கையைத் தூக்க வேண்டும், பார்ப்பவர் கண் முதலில் எங்கே போக வேண்டும். அசைவு அதற்குப் பிறகுதான். சுவிட்சர்லாந்துச் சிற்பி ஆலிஸ் போனருடன் 1930-ஐ ஒட்டி இந்தியா முழுக்கச் சுற்றிச் சிற்பங்களையும் ஆட்டங்களையும் பார்த்து, வாத்தியங்களையும் சேர்த்துக்கொண்டு, 1931-இல் பாரிஸின் ஷான்ஸெலிஸே நாடக அரங்கில் தம் குழுவை மேடையேற்றினார். பிரெஞ்சுக்காரரான சிமோன் பார்பியே, நாம் சிம்கி என்று அறிந்தவர், அவருடன் ஆடினார். குழுவில் இருந்த கடைசித் தம்பிதான் பின்னாளில் சிதார் மேதையாகப் போகிற ரவி சங்கர். அடுத்த ஆண்டே சால் ஹூராக் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் குழுவை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்.

மரபை அவர் மதிக்கவில்லை என்ற பேச்சு மட்டும் நியாயமில்லாதது. 1930-களின் இறுதியில் இமயமலைச் சாரலில் அல்மோராவில் அவர் தொடங்கிய கலை மையத்தின் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி. மணிப்புரிக்கு அமோபி சிங். இசைக்கு அலாவுதீன் கான். பரதத்துக்குக் கந்தப்பப் பிள்ளை, பாலசரஸ்வதியின் குருநாதர். இதைவிடக் கறாரான தேர்வை அன்று யாரும் செய்திருக்க முடியாது. தமக்குக் கிடைக்காத குருகுலத்தைத் தம் மாணவர்களுக்கு அமைத்துக்கொடுத்தார். அதோடு நடப்பது, உற்றுப் பார்ப்பது, மனத்தில் தோன்றியதை அந்த நேரத்திலேயே ஆடிக்காட்டுவது ஆகியவற்றையும் வகுப்பாக வைத்தார். ஒரு மாணவர் மற்றவர்களை ஆட்டுவிக்கும் அமைப்பாளராகவும் வளர வேண்டும் என்பது அவர் எண்ணம்.

3

அல்மோராவில் நடந்த இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் வாதத்தின் அச்சாணி அதுதான். ராமலீலையை அவர் நிழற்கூத்தாக அமைத்தார். தோல்பாவை இல்லை, உயிருள்ள ஆட்டக்காரர்களே பெரிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஆடினார்கள். மக்கள் முன்பக்கம் உட்கார்ந்து நிழல்களைப் பார்த்தார்கள்.

நிழலின் கணக்கைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். விளக்குக்கு அருகே வந்தால் உருவம் மலைபோல் பெருகும். திரைக்கு அருகே போனால் சுருங்கும். ஆக, ராவணனைப் பெரிதாக்க உயரமான ஆள் தேவையில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்பதை அமைப்பாளர் முடிவு செய்தால் போதும். மேடையில் உள்ள உடலுக்கு ஒரே அளவுதான். இங்கே உடலின் அளவே நடன அமைப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆழம் மறைந்து எல்லாம் ஒரு தட்டையான நாற்கட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சட்டகத்துக்கு வெளியே கை போனால் கை இல்லை. இது கேமராவின் சட்டம். படச்சுருள் ஒரு அடிகூட ஓடாமல், க்ளோஸ்-அப்பையும் லாங் ஷாட்டையும் அவர் அங்கே பயின்றுவிட்டார். ‘கல்பனா’வில் பெரும் நிழல்கள் சுவரில் எழும் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மலைச்சாரல் திரைதான் நினைவுக்கு வருகிறது.

போர்க்காலம், பணமுடை, உள்ளே எழுந்த பிணக்குகள். மையம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. அவர் தம் ஆட்டக்காரர்களோடு சென்னைக்கு வந்தார்.

4

இனி ‘கல்பனா’. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி அன்று தென்னிந்தியாவின் மிகப் பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்று. செட் போடும் தச்சர்கள், சாயம் தீட்டுபவர்கள், லைட்பாய்கள், லேப், எல்லாம் ஒரே வளாகத்துக்குள். உதய் சங்கர் கதை எழுதினார், இயக்கினார், நாயகனாக நடித்தார், நடனங்களை அமைத்தார். உரையாடல் இந்தி எழுத்தாளர் அம்ரித்லால் நாகர். இசை அவருடைய நெடுநாள் தோழர் விஷ்ணுதாஸ் ஷிராலி. ஒளிப்பதிவு கே. ராம்நாத், நம் சினிமாவின் பெருங்கலைஞர்களில் ஒருவர். நாயகி அமலா, 1942-இல் உதய் சங்கரை மணந்தவர். பாரிஸ் கண்காட்சிக்குத் தந்தையோடு போயிருந்த பதினொரு வயதுச் சிறுமியாக 1931-இல் அவரை முதலில் சந்தித்தவர்.

கதை எளியது. உதயன் என்ற கலைஞன். அவனுக்கு இமயத்தில் ஒரு கலை மையம் அமைக்கும் கனவு. அவன்மேல் அன்பு வைத்த இரண்டு பெண்கள், உமாவும் காமினியும். இதையெல்லாம் படத்துக்குள்ளேயே ஒருவர் ஒரு தயாரிப்பாளரிடம் கதையாகச் சொல்கிறார்; கேட்பவருக்கோ வசூல்தான் கவலை. கதையின் பின்னல் தளர்வானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடிப்பும் பல இடங்களில் மேடைநடிப்பு. ஆனால் நடனம் தொடங்கியதும் படம் வேறு உயிராகிவிடுகிறது. தொடக்கத்திலேயே பார்வையாளருக்கு எழுத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது: காட்சிகள் வேகமாக ஓடும், விழிப்போடு இருங்கள், தவறவிட்டால் ஒரு முக்கியமான விஷயம் போய்விடும் என்கிறார். மேடைக் கலைஞர் இப்படிக் கேட்கமாட்டார். படத்தொகுப்பின் வேகத்தை நம்புகிறவர்தான் கேட்பார்.

நடனத்தைப் படம்பிடிப்பதில் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. நம் ஆட்டத்தில் பாதத்தில் தாளம் இருக்கிறது, விரலிலும் விழியிலும் பொருள் இருக்கிறது. முழு உருவத்தையும் காட்டினால் விழி தெரியாது. விழிக்குப் போனால் பாதம் போய்விடும். அரங்கில் இந்தச் சிக்கல் இல்லை. ரசிகர் கண் தானாகவே மேலும் கீழும் போய்வரும். கேமரா வந்ததும் அந்த உரிமை ரசிகரிடமிருந்து இயக்குநருக்கு மாறுகிறது.

ஹாலிவுட்டில் இதற்கு அன்று இரண்டு விடைகள் இருந்தன. ஃப்ரெட் அஸ்டேர் தலை முதல் கால்வரை முழு உருவத்தையும் காட்டு, வெட்டாதே என்றார். ஆட்டக்காரரின் நேர்மையைக் காக்கும் விடை அது. நடன அமைப்பாளராக இருந்து இயக்குநரான பஸ்பி பெர்க்லி கேமராவை உச்சிக்கு ஏற்றினார். கீழே நூறு பெண்கள் பூவாக விரிந்தார்கள், குவிந்தார்கள். கோலம் அழகு, தனி உடல் அதில் ஒரு புள்ளி.

உதய் சங்கர் மூன்றாவது வழியில் போனார். அவர் அசைவையே உடைத்துப் பல ஷாட்டுகளுக்குப் பங்கிட்டார். தோளிலிருந்து விரல் நுனிவரை அலை ஓடுவதுபோல் கையைக் கொண்டுபோவது அவருடைய தனி முத்திரை என்று அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ‘கல்பனா’வில் அந்த அலை ஒரு உடலோடு நிற்பதில்லை. அசைவு முடியும் முன்பே அடுத்த ஷாட் வந்து அதை எடுத்துச் செல்லும் இடங்கள் பல. கீழிருந்து நோக்கும் கோணம், ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் பிம்பங்கள், பக்கவாட்டில் அறையும் ஒளி, எல்லாம் நடனத்தின் உறுப்புகளாகின்றன.

தொழிலாளரும் இயந்திரமும் என்று அல்மோரா நாளிலேயே அவர் மேடைக்கு அமைத்த பாலே ஒன்று படத்தில் வருகிறது. அதைத் தனியே எடுத்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். மனிதக் கைகளும் முதுகுகளும் சக்கரமாகவும் தண்டாகவும் மாறுகின்றன. மேடையில் இதைப் பார்த்தால், மனிதர்கள் இயந்திரம்போல் ஆடுகிறார்கள் என்று வியப்போம். திரையில் ஷாட் மாறும் கதியே இயந்திரத்தின் கதியாகிவிடுகிறது. பார்க்கிறவனும் அந்தச் சக்கரத்துக்குள் அகப்படுகிறான். விடுதலை வாசலில் நின்ற நாட்டில் தொழில்மயமாக்கம் பற்றிய அச்சத்தை, ஒரு வசனமும் இல்லாமல், இவ்வளவு கூர்மையாகச் சொன்ன வேறு காட்சியை நான் அந்தக் காலப் படங்களில் பார்த்ததில்லை. கார்த்திகேயர் நடனத்தில் இந்த முறை வேறு. அங்கே கதகளி வழி வந்த உடற்கட்டு முழுமையாகத் தெரிய வேண்டும். கேமரா அடங்கி நிற்கிறது. எங்கே வெட்ட வேண்டும் என்று அறிந்தவருக்கு எங்கே வெட்டக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

1972-இல் பாப் ஃபாஸி என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் ‘காபரே’ படத்தை இயக்கி, அது எட்டு ஆஸ்கர்களைப் பெற்றது. தொப்பி, முழங்கால், விரல் என்று உடலைத் துண்டு துண்டாக எடுத்துத் தாளத்தில் கோப்பது ஃபாஸியின் முறை. இருவருக்கும் நேர்த்தொடர்பு ஏதும் இருந்ததாக நான் சொல்லவரவில்லை. நடனம் அமைத்த கையால் படத்தைத் தொகுக்க உட்காரும்போது இப்படி ஒரு வழி திறக்கிறது என்பதற்கு இருவரும் சாட்சி. உதய் சங்கர் அதை 24 ஆண்டுகளுக்கு முன்பே, ஜெமினியின் தளத்தில், திறந்துவிட்டார்.

5

படம் வசூலில் தோற்றது. ஆனால் அதன் விளைவுகளைத் தேடிப்போனால் பாதை நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசனின் ‘சந்திரலேகா’ தயாரானதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதே வளாகத்தில். அதுவும் 1948-இல்தான் வெளியானது. ஏ.கே. சேகரின் அரங்க அமைப்பில் மாபெரும் முரசுகள்மேல் நூற்றுக்கணக்கானவர்கள் ஆடும் அந்த நடனத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதில் ‘கல்பனா’வின் தாக்கத்தைச் சினிமா வரலாற்றாசிரியர்கள் சிலர் காண்கிறார்கள். ஒரே ஸ்டூடியோவின் தொழிலாளர்கள் ஒரு தளத்தில் கற்றதை இன்னொரு தளத்துக்கு எடுத்துப் போவது இயல்பு என்பதால் நான் அந்தக் கருத்தின் பக்கமே சாய்கிறேன்.

திருவிதாங்கூரிலிருந்து வந்த லலிதா, பத்மினி சகோதரிகள் திரையில் தோன்றத் தொடங்கியது ‘கல்பனா’வில். பத்து ஆண்டுகள் கழித்து, 1958-இல், அதே ஜெமினியின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி நடனம் ஆடினார்கள். நடன அமைப்பு ஹீராலால். அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். யார் பக்கம் வெற்றி சாய்கிறது என்பதை ஷாட்டுகளின் அடுக்கே சொல்லிவிடும். நடனத்தைக் கேமராவுக்காகவே அமைப்பது என்ற வழக்கம் அதற்குள் நம் படங்களில் வேரூன்றியிருந்தது. உதய் சங்கர் ஒருவரால்தான் அது வந்தது என்று சொல்வது மிகை. தொடக்கத்தில் அவர் இருந்தார் என்பதை மறப்பது நன்றியின்மை.

வடக்கே இந்தத் தொடர் இன்னும் தெளிவு. அல்மோராவில் 1942 முதல் 1944 வரை மாணவராக இருந்த இளைஞர் ஒருவர் புனே பிரபாத் ஸ்டூடியோவில் நடன அமைப்பாளராகச் சேர்ந்து, 1951-இல் ‘பாஸி’ படத்தின் மூலம் இயக்குநரானார். குரு தத். அவருடைய படங்களில் பாட்டு கதையை நிறுத்துவதில்லை; கதையே பாட்டின் வழியாக நகர்கிறது. இது நடன வகுப்பிலிருந்து வந்த பார்வை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே 1951-இல் ராஜ் கபூரின் ‘ஆவாரா’ கனவுக் காட்சியின் நடனத்தை அமைத்தவர் சிம்கி. சாந்தி பர்தன், நரேந்திர சர்மா, சச்சின் சங்கர் என்று மேடையில் கிளைத்தவர்களைப் பற்றிப் பேச இன்னொரு மாலை வேண்டும்.

6

‘கல்பனா’வுக்குப் பின் அவர் திரைப்படம் எடுக்கவில்லை. 1960-களில் தாகூரின் படைப்புகளைத் தழுவி ‘சாமான்ய க்ஷதி’, ‘பிரகிருதி ஆனந்த’ என்று மேடைக்கு அமைத்தார். 1965-இல் கல்கத்தாவில் மையம் ஒன்று தொடங்கியது. அமலா அதைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அரசு 1971-இல் பத்ம விபூஷண் அளித்தது. அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். எழுபது வயதில், உடல் தளர்ந்த நிலையில், ‘சங்கர்ஸ்கோப்’ என்ற நிகழ்ச்சியை அமைத்தார். மேடையில் ஒரு திரை. படத்தில் ஓடிவரும் ஆள் திரையிலிருந்து மேடைக்கு இறங்கி ஆட்டத்தைத் தொடர்வார். மேடையில் இருப்பவர் திரைக்குள் போய்விடுவார். சினிமா அவருக்கு ஒரு வழிதவறலாக இருந்திருந்தால், வாழ்வின் கடைசிப் பெரிய முயற்சியில் அதை மறுபடி தேடிப் போயிருக்கமாட்டார். 1977 செப்டம்பரில் கல்கத்தாவில் காலமானார்.

‘கல்பனா’ நெடுங்காலம் எளிதில் பார்க்கக் கிடைக்காத படமாக இருந்தது. புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்ட பிரதிகளைக் கொண்டு, மார்ட்டின் ஸ்கார்ஸிஸி நிறுவிய உலக சினிமா அறக்கட்டளையின் முயற்சியால் இத்தாலியின் போலோன்யாவில் அது மீட்டெடுக்கப்பட்டு, 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. தொண்ணூறைக் கடந்திருந்த அமலா சங்கர் நேரில் போய்ப் படத்தோடு நின்றார். மேடையில் அவர்கள் ஆடியதில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. அடவுக் குறிப்பேடும் இல்லை. அல்மோராவின் ஆட்டத்தை விரிவாகக் காட்டும் ஆவணமாக நம்மிடம் இருப்பது இந்தப் படம்தான்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தொழிலாளர், இயந்திரம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் நீளத்தையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். பக்கத்துப் பத்தியில் ஷிராலியின் தாளக் கட்டை எழுதுங்கள். மூன்றாவதில் உடலின் எந்த உறுப்பு அசைகிறது, எத்திசையில் போகிறது என்று குறியுங்கள். வெட்டு தாளத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்பது அப்போது தெரியும். என் வாதம் நிற்குமா நிற்காதா என்பதும் அதில் தெரிந்துவிடும். இன்னொரு வேலை: ஜெமினியில் அந்த நாளில் செட் போட்டவர்கள், விளக்குப் பிடித்தவர்கள், ஆடை தைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த நகரத்திலேயே இருப்பார்கள். வீட்டுப் பெட்டிகளில் புகைப்படங்கள் இருக்கக்கூடும், ஊதியச் சீட்டு இருக்கக்கூடும், தாத்தா சொன்ன கதை இருக்கக்கூடும். போய்க் கேளுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.